அம்மன் பார்த்த பலகை

செஞ்சியில் ஆங்கிலத்தில் எழுதப்படும் எதுவும் என் பார்வைக்கு வராமல் சுவர் ஏறாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை, மறுத்ததும் இல்லை. வேலூரில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, பதிவுத்துறையில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்திரத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கிணறு யாருக்கு என்பதே மாறிவிடுவதைப் பார்த்தவன். ஆகவே சொற்களின் விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

லாட்ஜின் அறிவிப்பு, திருமண அழைப்பிதழ், கோட்டையைப் பார்க்க வருபவர்களுக்காக ஓட்டல்காரர்கள் வைக்கும் உணவுப் பட்டியல், எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "சும்மா ஒரு பார்வ பாத்துட்டு குடுங்க சார்" என்பார்கள். சும்மா பார்க்கும் வழக்கம் என்னிடம் இல்லை. பச்சை மைப் பேனாவை எடுப்பேன். அதைப் பார்த்ததும் வந்தவர் முகத்தில் ஒரு களைப்புத் தோன்றும். தரத்துக்கு அந்த அளவு விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நம்மவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் எனக்கு மிகவும் பழக்கமானது ஒன்று, 'லி' என்னும் வாலை வேண்டாத இடத்தில் ஒட்டுவது. பாடுவது, ஓடுவது, எழுதுவது போன்ற வினைகள் உழைக்கின்றன. எப்படி உழைத்தன என்று சொல்ல அந்த வால் வேண்டும். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட் என்று வேறொரு கூட்டம் இருக்கிறது. பிரியாணி 'ஸ்மெல்ஸ் குட்' என்னும்போது பிரியாணி எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. விழா மேடையில் வரவேற்புரை ஆற்றுபவரைப் போல, அந்த வினை 'இவர் இப்படிப்பட்டவர்' என்று அறிமுகம் செய்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொள்கிறது. அதன் பின்னால் பண்பைச் சொல்லும் சொல் வால் இல்லாமல் வந்தால் போதும். ஒரு நாயைப் பார்த்து 'ஸ்மெல்ஸ் பேட்லி' என்று சொன்னால், அந்த நாய்க்கு மோப்ப சக்தி போய்விட்டது என்று பொருள். அது குளிப்பாட்டினால் தீரும் குறை அன்று.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. அழகாகப் பாடினாள் என்கிறோம். அழகாக இருக்கிறாள் என்றும் சொல்கிறோம். ஒரே 'ஆக' இரண்டு வேலைக்கும் போய் வருகிறது. அந்தச் சுகத்தில் வளர்ந்த நாக்கு ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் 'ஆக' இருந்த இடத்திலெல்லாம் 'லி'யை நீட்டுகிறது. காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டது என்பதற்காக மன்னித்துவிட முடியுமா?

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் இல்லாத ஒரு வருடம் ஆங்கிலத்தையும் தூக்கிச் சுமந்தவர், அதன்பிறகு அதை இறக்கி வைக்கவே இல்லை. கோட்டைச் சாலையில் நாங்கள் சிலர் காலையில் நடப்பதுண்டு. நடை முடிந்ததும் ராஜகிரி மலை தெரியும்படியாக ஒரு டீக்கடையில் நிற்போம். ஒரு நாள் வெளிநாட்டுப் பயணிகள் இருவர் அங்கே நின்றிருந்தார்கள். அந்த உற்சாகத்தில் தலைமையாசிரியர் தம்ளரை உயர்த்தி, "காபி டேஸ்ட்ஸ் நைஸ்லி" என்றார். நான் உடனே, "நைஸ்" என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பயணிகளில் ஒருவரான அம்மையார்தான் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து தலைமையாசிரியர் என்னிடம் முன்னைவிட மரியாதையாக நடந்துகொள்ளத் தொடங்கினார். நான் எப்போது வழுக்குவேன் என்று காத்திருப்பவர் காட்டும் மரியாதை அது. எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் என் வீட்டின் கீழ்த்தளக் கடைக்குப் புதிய குடித்தனக்காரி வந்தாள். தெருவைப் பார்த்த ஒற்றை அறை. அதற்கு முன்னால் ஜெராக்ஸ் கடையாக இருந்தது. வல்லத்தைச் சேர்ந்த பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், மணிலாக்கடலை பயிரிடும் குடும்பம். புதுச்சேரியில் பெரிய பியூட்டி பார்லர் ஒன்றில் வேலை பார்த்துத் தொழில் கற்றவள்.

முன்பணம் கொடுக்க வந்த அன்று என் மனைவி காபி கொடுத்தாள். "தனியா தெறக்குறியே, பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"பயம்தாம்மா. ஆனா அங்க இத்தினி வருசத்துல ஒருத்தரும் என்ன பேர் சொல்லி கூப்ட்டதில்ல. 'த பாரு, இங்க வா'ன்னுதான். மொத நாளு நல்லபடியா ஆயிடுச்சினா ஊர்ல நாலு பேரு நம்பி வருவாங்க. மொத நாளே எதனா சிரிப்பா சிரிச்சிட்டாங்கன்னு வைங்க, அப்புறம் யாரும் படியேற மாட்டாங்க."

வாடகை ஒப்பந்தத்தை நானே எழுதினேன். தண்ணீர், மின்சாரம், சுவரில் துளை போடுதல் எல்லாவற்றுக்கும் விதி வைத்தேன். பெயர்ப்பலகையின் வாசகத்தை மட்டும் மாட்டுவதற்கு முன் என்னிடம் காட்ட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னேன். எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

அமாவாசைக்கு மறுநாள் காலை, ஆட்டோவிலிருந்து புடவை சுற்றிய நீளமான ஒரு பொருளை இரண்டு பேர் இறக்கினார்கள். கூடவே அவளும் இறங்கினாள். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன, நெற்றி நிறைய குங்குமம். புடவையை விலக்கினார்கள். கறுப்புப் பலகையில் பொன்னிற எழுத்துகள், தனித்தனியாக வெட்டி ஒட்டியவை. மேலே கடையின் பெயர். அதன் கீழே வலப்பக்கத்தில் இரண்டு வரிகள்: 'லுக் பியூட்டிஃபுல்லி', 'ஃபீல் ஃப்ரெஷ்லி'. ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு வால்கள், என் வீட்டு வாசலுக்கு நேர் மேலே தொங்கப் போகின்றன.

"என்னிடம் காட்டச் சொல்லியிருந்தேனே அம்மா" என்றேன்.

"உங்ககிட்ட காட்டினா நாளாவும்னு எல்லாருமே சொன்னாங்க ஐயா. அமாவாச தவறிட்டா அப்புறம் அடுத்த மாசம்தான். அதான் பாண்டில வாங்கி நேரா மலையனூருக்கு எடுத்துகினு போய்ட்டேன். ஸ்பெஷல் பஸ்ஸுல நிக்கவே எடமில்ல, கண்டக்டர் பலகைக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டாரு. 'இதுக்கு ஜன்னல் சீட்டு வோணுமா'ன்னு நக்கலு வேற. ஆனா பாருங்க, அங்காளம்மா முன்னாடி, புத்து கிட்ட வச்சி, பூசாரியே குங்குமம் போட்டு குடுத்தாரு!"

பலகையின் ஓரமெல்லாம் குங்குமம் படிந்திருந்தது. நான் நிதானமாக விளக்கினேன். வாசகத்தில் இரண்டு இடங்களில் ஒரு சிறு மிகை இருக்கிறது. ஒட்டிய எழுத்துகள்தானே, உளியை வைத்து நெம்பினால் அரை நாழிகையில் வேலை முடிந்துவிடும் என்றேன்.

அவள் பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ, உளியா? அம்மன் பாத்த பொருளு மேல இரும்பு படக்கூடாது ஐயா. எங்க வீட்ல டிராக்டர் வாங்கி மலையனூர் போய்ட்டு வந்தப்ப, வண்டி மேல எழுதியிருந்த எங்க நைனா பேரே தப்பு. அத அப்டியேதான் வச்சிகினு ஓட்றாரு."

"புதிதாக ஒன்று செய்துவிடலாம். என் செலவு."

"அப்ப இத இன்னா பண்றது? அம்மன் பாத்தத குப்பைல போட சொல்றீங்களா?"

மேல்மலையனூர் அம்மன் முன் வைத்து எடுத்த பொருளைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் வாதம் செய்வதில்லை. நான் கோயில் குளம் என்று அலைகிறவன் அல்லன். ஆனாலும் உளியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிய வீட்டுக்காரன் என்று பெயர் வாங்க விரும்பவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை புரட்டிப் பார்த்தேன். வினையுரிச்சொல் பற்றி அதில் எந்த விதியும் இல்லை.

"என்ன அப்படி முகத்தை வச்சிக்கிட்டிருக்கீங்க? நல்லாத்தானே இருக்குது பலகை" என்றாள் என் மனைவி.

"லுக் பியூட்டிஃபுல்லி என்றால் அழகாகத் தோன்று என்று பொருளாகாது. அழகான முறையில் உற்றுப் பார் என்று ஆகும். கண்ணாடிக் கடைக்கு வேண்டுமானால் பொருந்தும்."

"யாருங்க அவ்ளோ தூரம் யோசிப்பாங்க?"

"தலைமையாசிரியர் யோசிப்பார்."

"ஆமா, அவரும் வராரே. அவரு மருமக இந்தப் பொண்ணுக்கு பிரண்டாம். அவருதான் ரிப்பன் வெட்டப் போறாராம்."

ஊரில் உள்ள அத்தனை பலகைகளையும் திருத்தியவன் வீட்டு நெற்றியிலேயே இரண்டு வால்கள். அதைத் திறந்து வைப்பவர் அந்த மனிதர். நடைக்கூட்டத்தில் இது எத்தனை மாதங்களுக்குப் போதுமானது என்று கணக்கிட்டுப் பார்த்துக் கலங்கினேன்.

கடைசியில் என் மனைவிதான் வழி சொன்னாள். "ஏங்க, ரெண்டு வாலும் ஒரே பக்கமாத்தானே இருக்குது? சாமந்தி மால ஒண்ண தடியா கட்டச் சொல்லி அந்தப் பக்கமா தொங்க விடுங்க. எழுத்த தொட்ட மாதிரியும் இல்ல, தெரிஞ்ச மாதிரியும் இல்ல."

ஒரு சார்பதிவாளரின் மனைவியாக இருந்து பெற்ற நுட்பம் அது. பூக்கடைக்கு நானே போனேன். தூணுக்குக் கட்டும் கனத்தில் ஒரு மாலை வேண்டும் என்று சொன்னேன். பூக்காரர், "வீட்ல விசேஷமா சார்?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திறப்பு விழா அன்று காலை, பலகையில் ஏற்கெனவே இருந்த துளைகளில் கயிறு கோத்து, ஆணி படாமல் மாட்டினார்கள். மாலையை நான் கீழே நின்று வழிகாட்டி, ஒரு விரல் இடம் அந்தப் பக்கம், அரை விரல் இந்தப் பக்கம் என்று சரிசெய்து தொங்கவிடச் செய்தேன். எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தேன். லுக் பியூட்டிஃபுல். ஃபீல் ஃப்ரெஷ். எந்தப் பல்கலைக்கழகமும் குறை சொல்லாது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வந்தவர்களை வரவேற்கத் தொடங்கினேன்.

முதல் போணியை வீட்டுக்கார அம்மா கையால்தான் செய்ய வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருந்ததால், என் மனைவி ரிப்பனுக்கு முன்பே பின்வாசல் வழியாக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வல்லத்திலிருந்து வந்த உறவுகள், தெருக்காரர்கள், எங்கள் நடைக்கூட்டத்தில் நான்கைந்து பேர் என்று ஒரு சிறு கூட்டம். தலைமையாசிரியர் சலவைச் சட்டையில் வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு தலையை உயர்த்திப் பலகையைப் பார்த்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். அவர் உதடுகள் அசைந்து நின்றன. அந்த முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் மிகவும் ரசித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கடைக்காரப் பெண் ஒட்டடைக் குச்சியோடு பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். "இன்னாடா இது, மால எழுத்த மறைச்சிகினு கீது!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நான் கையை உயர்த்துவதற்குள், குச்சியின் நுனியால் மாலையை ஓரமாகத் தள்ளிவிட்டாள். இரண்டு வால்களும் வெயிலில் பளபளத்தன.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசும் குரலில் படித்தார்: "லுக் பியூட்டிஃபுல்லி. ஃபீல் ஃப்ரெஷ்லி." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், இது உங்க வீடுதானே? இல்ல, நான் எதனா வேற தெருவுக்கு வந்துட்டேனா?"

நடைக்கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். விஷயம் தெரியாத இன்னும் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். குச்சியை ஏந்தியபடி அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா சார், எதனா தப்பா?" என்றாள். அவள் குரல் சிறுத்திருந்தது.

அந்தப் பலகை என்னிடம் காட்டப்படவில்லை, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. என் பெயர் அந்த இடத்திலேயே துலங்கியிருக்கும். சிரிப்பு முழுவதும் அவள் படியில் போய் இறங்கியிருக்கும். ஒரு குடித்தனக்காரியை அவளுடைய முதல் நாளில் வாசலில் நிறுத்திவைத்துக் காப்பாற்றிக்கொள்ளும் கௌரவம் எனக்குத் தேவைப்படவில்லை.

தொண்டையைச் செருமினேன். "என் வீட்டுப் பலகைதான்" என்றேன். "மலையனூர் அம்மன் முன்னால், புற்றடியில் வைத்து எடுத்து வந்த பலகை. குங்குமத்தைப் பாருங்கள். அம்மன் பார்த்த எழுத்தில் ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்."

தலைமையாசிரியருக்கு அங்காளம்மன் குலதெய்வம் என்பது ஊரறிந்த செய்தி. அவர் கண்கள் பலகையின் ஓரத்துக் குங்குமத்துக்குப் போயின. செருப்பை விட்டு இறங்கினார். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தாயே, தெரியாம சொல்லிட்டேன்" என்றார். வல்லத்து உறவுகள் அத்தனை பேரும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிரித்த நடைக்கூட்டத்துக்காரரும் போட்டுக்கொண்டார்.

ரிப்பன் வெட்டப்பட்டது. ஆனால் கணக்கு வாத்தியார் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியில் விடைக்கு வருபவர். கதவு திறந்ததும் என் மனைவி வெளியே வந்தாள். முகம் துடைத்த வெள்ளிக் குடம்போல இருந்தது; தலைமுடியை வேறு ஏதோ செய்திருந்தார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.

"சரி சார், பலகைய விடுங்க. ஹவ் டஸ் மேடம் லுக்? நீங்கதான் சரியா சொல்லணும். இங்கிலீஷ்ல."

பொறி எனக்கு உடனே புரிந்தது. வால் வைத்துச் சொன்னால் நான் தோற்றேன். வாயை மூடிக்கொண்டால் அதைவிட மோசம். சரியாகச் சொல்ல வேண்டுமென்றாலோ, திருமணமான நாளிலிருந்து தனியறையில்கூடச் சொல்லாத ஒன்றை நடுத்தெருவில், நடைக்கூட்டத்தின் முன்னிலையில் சொல்ல வேண்டும். 'குட்' என்று சொல்லித் தப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்" என்றேன்.

யாரோ விசிலடித்தார்கள். என் மனைவி, "என்ன, திடீர்னு இங்கிலீஷ்ல திட்டுறீங்க?" என்றாள்.

"திட்டலம்மா, நீங்க அழகா கீறீங்கன்னு சொல்றாரு!" என்று அந்தப் பெண் கத்தினாள்.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வந்திருந்த பெண்களில் மூன்று பேர், அம்மாவுக்குச் செய்தது மாதிரியே தங்களுக்கும் வேண்டும் என்று உள்ளே போனார்கள். ஒருத்தி தன் கணவனைப் பார்த்து, "நீயும்தான் கீறியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கரெக்ட் சார்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான்.

சாயங்காலம் கடை ஓய்ந்த நேரத்தில் அவள் மேலே வந்தாள். "இன்னா தப்புன்னு இப்பயாச்சும் சொல்லுங்க ஐயா" என்றாள். ஒவ்வொரு வரியிலும் கடைசியில் ஒட்டியிருப்பது அதிகப்படி என்று சொன்னேன். அவள் யோசித்தாள்.

"அதிகமாத்தானே கீது? கம்மியா இருந்தாதான் கொற" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகப் படியிறங்கினாள்.

பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் வீட்டுக்குள் வரும்போதும் போகும்போதும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடை நன்றாக நடக்கிறது. முகூர்த்த நாட்களில் என் படிவரை செருப்புகள் கிடக்கின்றன.

ஆனால் அன்று நான் வாசலில் சொன்ன நியாயம் ஊருக்குள் பரவிவிட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. போன வாரம் பேக்கரிக்காரர் ஒருவர் புதுப் பலகையோடு வந்தார். மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு. நான் பேனாவைத் தேடுவதற்குள், "சாமிகிட்ட வச்சி எடுத்தாந்துட்டேன் சார், நீங்க சும்மா பாத்துட்டு குடுத்தா போதும்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்போடு. படித்தேன். அவருடைய கேக்குகள் 'ஸ்மெல் ஃப்ரெஷ்லி' என்று எழுதியிருந்தது.

"எந்தச் சாமி?" என்று கேட்டேன்.

"தெருமுனைப் பிள்ளையார் சார்."

"பிள்ளையார் தம் தந்தத்தை ஒடித்து எழுத்து வேலை பார்த்தவர். பிழையை அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். இப்படிக் கொடுங்கள்" என்று சொல்லிப் பச்சை மைப் பேனாவைத் திறந்து, 'லி'யின் இரண்டு ஆங்கில எழுத்தையும் அடித்தேன்.

பேக்கரிக்காரர் பலகையைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அடுத்த தபா மலையனூருக்கே போய்ட்றேன் சார்" என்றார்.